நாலு மாச லீவுக்கு ஒரு வருஷ அபராதம்

மக்களே, கொஞ்ச நாளா மனசுல போட்டு உருட்டிக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு கொட்டிடறேன். வழக்கமான மொக்கை இல்ல, கொஞ்சம் சீரியஸ்.

அமெரிக்காவுல பிசிஷியன் அசிஸ்டென்ட்னு ஒரு படிப்பு இருக்கு. சுருக்கமா பி.ஏ. நம்ம ஊரு இளங்கலை பி.ஏ.வும் இல்ல, அமைச்சர் பின்னாடி ஃபைல் தூக்கிட்டு ஓடற பி.ஏ.வும் இல்ல. நோயாளியைப் பரிசோதிச்சு, என்ன நோய்னு கண்டுபிடிச்சு, மருந்து எழுதிக் குடுக்கறவங்க. டிகிரிக்கு மேல படிக்கற படிப்பு, சராசரியா 27 மாசம். முதல்ல ஒரு வருஷம் வகுப்பறை, அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ரொட்டேஷன். கடைசியில 300 கேள்வியோட பான்ஸ் பரீட்சை.

கூட வேலை பாக்கற நண்பரோட மனைவி இதுல முதல் வருஷம். வயித்துல குழந்தை, அதுல சிக்கல், ஓய்வு எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. காலேஜுல கேட்டா, "தாராளமா லீவு எடுத்துக்கோங்க, அடுத்த வருஷம் அடுத்த பேட்ச்சோட வந்து சேந்துக்கோங்க"ன்னு பதில். இவங்களுக்குத் தேவை நாலு மாசம். கெடைக்கறது ஒரு வருஷம். இதைக் கேட்ட நம்ம சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "ஒரு வருஷம் வீணாப் போயிடுமே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடும்மா!"

ஏன் ஒரு வருஷம்? ஒவ்வொரு பாடமும் பெரும்பாலான இடங்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். மொத்த பேட்ச்சும் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணா நகரும். நடுவுல இறங்கினா அடுத்த ரயில் அடுத்த வருஷம்தான்.

இந்த வேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 1965-ல டியூக் பல்கலைக்கழகத்துல யூஜின் ஸ்டெட்ங்கற டாக்டர், கடற்படையில மருத்துவ உதவியாளரா இருந்த நாலு பேரை வச்சு ஆரம்பிச்ச படிப்பு இது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல டாக்டர்களை அவசர அவசரமா உருவாக்கின முறைதான் அவருக்கு முன்மாதிரி. சரி, அன்னிக்கு அவசரம். போர் முடிஞ்சது 1945-ல. இன்னும் யாரைத் துரத்திக்கிட்டு ஓடறோம்?

அடுத்த கூத்து கடன். அரசாங்கக் கல்விக் கடன் விதிப்படி, 12 மாசத்துக்குள்ள மொத்தம் 180 நாள்தான் லீவு. அதைத் தாண்டினா நீங்க லீவுல இல்ல, படிப்பை விட்டவர். படிப்பை விட்டா ஆறு மாசம் அவகாசம், அப்புறம் தவணை கட்டணும். பாடம் சுத்தி வர்றது 365 நாளைக்கு ஒரு தடவை, லீவுக்கு அனுமதி 180 நாள். ரெண்டு காலண்டரும் ஒட்டவே ஒட்டாது. நோயில விழுந்தவங்க அந்த இடுக்குல மாட்டி நசுங்கறாங்க. அந்த ஆறு மாச அவகாசம் முழுசா தீந்துட்டா, அந்தக் கடனுக்கு மறுபடி கெடையாது. திரும்பப் போய் படிச்சு முடிச்ச கையோட தவணை வாசல்ல நிக்கும்.

சட்டம் இல்லாம இல்ல. டைட்டில் ஒன்பதுன்னு 1972-ல வந்த சட்டத்தோட விதிகள்படி, கர்ப்பிணி மாணவிக்கு மருத்துவ ரீதியா தேவைப்படற வரைக்கும் லீவு குடுக்கணும், விட்ட இடத்துலயே திரும்பச் சேத்துக்கணும். சேத்துப்பாங்க. ஆனா அந்த இடத்துல அப்ப பாடம் நடக்காதே! நாற்காலி இருக்கு, வாத்தியார் இல்ல. நான் பொட்டி தட்டற ஆபீஸ்லகூட, ஒரு வருஷம் வேலை பாத்தவனுக்கு உடம்புக்கு முடியலைன்னா 1993-ல வந்த சட்டப்படி 12 வாரம் லீவு உண்டு. சம்பளம் கெடையாது, ஆனா வேலை போகாது. திரும்பி வந்து அதே ஆணியைப் புடுங்கலாம். மாணவிக்கு அதுவும் இல்ல, ஏன்னா அவங்க ஊழியர் இல்ல, ஃபீஸ் கட்டறவங்க.

"மருத்துவப் படிப்புங்க, நடுவுல விட்டா மறந்துடும், நோயாளி உயிர் விஷயம்"னு சில பேர் வருவாங்க. அய்யா, நாலு மாசம் விட்டா மறக்கும்னா, பன்னெண்டு மாசம் உக்கார வச்சா மட்டும் ஞாபகம் வருமா? உண்மையிலேயே நோயாளி மேல அக்கறை இருந்தா பயப்பட வேண்டியது வேற ஒண்ணுக்கு. லீவு எடுத்தா வருஷம் போயிடும்னு உடம்பையும் மனசையும் மறைச்சுக்கிட்டு, காய்ச்சலோட, தூக்கமில்லாம வார்டுல நிக்கற மாணவர் இருக்காரே, அவருக்குத்தான் பயப்படணும். ஊருக்கெல்லாம் "ஓய்வு எடுங்க"ன்னு எழுதிக் குடுக்கப் போறவங்களுக்கு இந்தப் படிப்பு கத்துக் குடுக்கற முதல் பாடம், ஓய்வு எடுத்தா தண்டனைங்கறது. என்ன கொடுமை சார் இது?

வகுப்பை ரெண்டு தடவை நடத்த ஆளும் காசும் வேணும், ஒத்துக்கறேன். ஆனா ரொட்டேஷன் வருஷத்துல பல இடங்கள்ல விட்டதைப் பின்னாடி சேத்து முடிக்க வழி இருக்கே. குழந்தை மருத்துவத்தை முன்னாடியும் அவசர சிகிச்சையைப் பின்னாடியும் தள்ள முடியுதுன்னா, முதல் வருஷத்துலயும் பதிவு பண்ண வகுப்பு, தனிப் பரீட்சை, கோடையில ஈடுகட்டறதுன்னு யோசிக்கலாம். குறைஞ்சபட்சம், ஏற்கனவே பாஸ் பண்ண பாடத்துக்கு மறுபடி ஃபீஸ் வாங்காம இருக்கலாம். 2021-ல இந்தத் தொழில் சங்கம் கூடி, பேரை பிசிஷியன் அசோசியேட்னு மாத்த ஓட்டுப் போட்டாங்க. பேரு மாறட்டும், சந்தோஷம். கூடவே இதையும் மாத்துங்கப்பா.

உங்க வீட்டுல யாராவது இதுல சேரப்போனா, தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பாத்து மயங்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. லீவு எடுத்தா எந்த மாசம் திரும்பலாம்? முடிச்ச பாடம் செல்லுமா? ஃபீஸ் மறுபடி கட்டணுமா? பதிலை எழுத்துல வாங்குங்க.

அப்புறம், உடம்பு முடியாத பொண்ணுகிட்ட போய் "பல்லைக் கடிச்சுக்கோ"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. வருஷம் திரும்ப வரும்.

டிஸ்கி: "எங்க காலத்துல நாங்கெல்லாம்"னு ஆரம்பிக்கற பின்னூட்டங்களுக்கு பதில் கெடையாது. மத்தபடி கும்மி வரவேற்கப்படுகிறது.