ஒரு நொதி தடம் மாறினால்...

பள்ளி உயிரியலில் கிரெப்ஸ் சுழற்சி என்று ஒரு பாடம் உண்டு. பரீட்சை முடிந்ததும் பலரும் மறந்துவிடும் பாடம்! ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றும் ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ் நொதி அதில்தான் வரும். அதன் ஒரு வகை ஐடிஹெச்1. இது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் அதே வேலையைச் செய்கிறது.

2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 22 கிளியோபிளாஸ்டோமா கட்டிகளில் 20,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை அலசினார்கள். சில கட்டிகளில் ஐடிஹெச்1 மரபணு ஒரே இடத்தில் மாறியிருந்தது. யாரும் எதிர்பார்க்காத மரபணு அது. 132-வது இடத்திலுள்ள ஆர்ஜினைன் மாறி, பெரும்பாலும் அங்கே ஹிஸ்டிடின் வந்துவிடுகிறது.

அதனால் என்ன? மாறிய நொதி, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளாக்கிவிடுகிறது. இதை 2009-ல் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. மீதுள்ள மெத்தில் குறிகளை நீக்க உதவும் நொதிகளை இந்தப் பொருள் தடுக்கிறது. எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு குலைகிறது. செல் முதிராமல் பெருகிக்கொண்டே போகிறது.

விந்தை என்னவென்றால், இந்த மாற்றம் உள்ள நோயாளிகள் மற்றவர்களைவிடப் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். எனவே 2021-ல் உலக சுகாதார நிறுவனம் கட்டியின் பெயரையே மாற்றியது. பெரியவர்களுக்கு இந்த மாற்றம் இருந்தால் அது இப்போது கிளியோபிளாஸ்டோமாவே அல்ல.

2023-ல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டுமே செய்துகொண்ட, மெதுவாக வளரும் கட்டியுள்ள 331 பேர் பங்கேற்றனர். வோராசிடெனிப் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் இடைநிலையாக 27.7 மாதம். போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது.

"மூளைப் புற்றுக்கு மருந்து வந்துவிட்டது" என்று தலைப்புப் போடுவது எளிது. அது தவறு. நொதி மாறாத கிளியோபிளாஸ்டோமாவுக்கு இந்த மாத்திரை பயன்படாது. மாறிய கட்டியிலும் இது நோயைத் தள்ளிப்போடுகிறது, குணமாக்குவதில்லை. "மூளையில் கட்டியா, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிடுவதும் அதே அளவு தவறு.

இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: வெவ்வேறு நோய்களை ஒரே பெயரில் அழைப்பது. அறுவையில் எடுத்த திசுவில் நிறமேற்றிப் பார்த்தாலே மிகப் பரவலான இந்த மாற்றம் தெரிந்துவிடும். அது தெரியாவிட்டால், தேவைப்படுவோருக்கு மரபணுச் சோதனை செய்யலாம். ஆகவே கட்டி எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டால் போதாது. "ஐடிஹெச் சோதனை செய்தாகிவிட்டதா?" என்றும் நோயாளியின் குடும்பம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.