வம்சாவளி யாருக்கு?

தாராபுரத்து முதியவர் ஒருவரிடம் முன்னோரைப் பற்றிக் கேட்டால், நாலைந்து தலைமுறைப் பெயர்களை நினைவிலிருந்தே சொல்வார். காட்டுவதற்கு ஏடு இராது. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தக் கம்பெனியின் சேவகர்கள் பலரின் வழிவந்தோருக்கோ அச்சேறிய வம்சாவளிகள் உண்டு. 1908இல் கொழும்பில் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் அவற்றைக் குடும்பம் குடும்பமாக வெளியிட்டது. சுவடிக்காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ் அச்சங்கத்தின் முன்னோடி.

அவ்வுழைப்பை நாம் இகழவில்லை. அதன் அளவுகோலையே மறுக்கிறோம். ஐரோப்பியத் தந்தைவழியே அங்கே தகுதி. கம்பெனிப் பட்டாளத்தில் ஜெர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். பலர் போர்த்துக்கேய வழிப் பெண்களையும் இந்நாட்டுப் பெண்களையும் மணந்தனர். தந்தையரின் கோடு தொடர்ந்து செல்கிறது. தாய்மாரின் தாய்மார் எங்கே?

கம்பெனி நம்மவர் பெயரையும் எழுதத்தான் செய்தது. எதற்காக? வரிக்காகவும் வேலைக்காகவும்! தோம்பேடுகளின் நோக்கம் அதுவே. சோனகரையும் செட்டிகளையும் 'அந்நியர்' என்று வகுத்து அவர்கள்மீது 'ஊழியம்' சுமத்தியது. ஏழு கடல் தாண்டி வந்தவன், இக்கரையில் வாழ்ந்தவனை அந்நியன் என்றான். இதைவிட நகைப்புக்கிடமானது வேறுண்டோ?

அந்நியர் ஆட்சி போயிற்று, அளவுகோல் போகவில்லை. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாய் மலையேறிய கூலிக்கு யார் பிறப்புச் சாட்சி எழுதி வைத்தார்? அவன் வழிவந்தோர் லட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அந்த அநீதியைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

அநீதி அரசோடு நின்றதா? இல்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில், சில நாட்களுள் மீண்டும் 'அந்நியர்' ஆக்கப்பட்டனர். இம்முறை அச்சொல்லின் பின்னே நின்றது தமிழின் பெயரால் ஏந்திய துப்பாக்கி. இதைச் சொல்ல நாம் கூசலாகாது. காணி உறுதியைத் தொலைத்துத் திரும்பியவனுக்குப் பாட்டன் பெயர் பெருமைக்கான அணியன்று, வளவுக்கான சாட்சி.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஊர் ஊராகச் சென்று முதியோர் வாய்மொழியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சாயவேர் கிண்டியவனையும் முத்துக் குளித்தவனையும் எழுதுங்கள். தாயின் பெயரையும், அவள் தாயின் பெயரையும் விடாது எழுதுங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: ஏடு கிடைக்காதவனுக்கும் இம்மண்ணில் உரிமை உண்டு. வாழ்வதற்கு வம்சாவளியைச் சான்றாகக் கேட்கும் சட்டத்தையும் துப்பாக்கியையும் நாம் ஒருசேர எதிர்க்கிறோம்.