தங்கப் பதக்கமும் 75 ரூபாயும்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் தீவில் ஒரு தனி உற்சாகம் பிறந்துவிடுகிறது. இன்னார் மகள் பல்கலைக்கழகத்தில் முதலிடம், இன்னார் மகனுக்குத் தங்கப் பதக்கம் என்ற செய்தி ஜங்லிகாட்டிலிருந்து டாலிகஞ்ச் வரை ஒரே மாலையில் பரவிவிடும். லட்டு வழங்குவார்கள். பொங்கல் விழா மேடையில் சால்வையும் கேடயமும் காத்திருக்கும். தகப்பனார் ஹார்பரில் மஸ்தூராகவோ, பொதுப்பணித் துறையில் கீழ்நிலைக் குமாஸ்தாவாகவோ இருப்பார். அன்று அவர் முகத்தில் தெரியும் பூரிப்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. மூன்று நாள் கப்பலில் பங்க் கிளாஸில் சுருண்டு படுத்து வந்து ஹாடோ துறையில் இறங்கிய குடும்பத்துக்கு அந்தப் பதக்கம் சாமானியமானதல்ல.

ஆனால் அதற்கு அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். குமாஸ்தா வேலைக்கான பரீட்சைக்குத் தயாராகிறது. விலங்கியலில் முதலாவதாக வந்த பெண்ணும், இயற்பியலில் முதலாவதாக வந்த பையனும் ஒரே பொது அறிவு வினா–விடைப் புத்தகத்தை உருப்போட்டுக்கொண்டிருப்பார்கள். பதக்கம் பீரோவுக்குள் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும்.

உத்தியோகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குமாஸ்தா உத்தியோகம்தான் நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது. என் கேள்வி வேறு. படிப்பில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு நாம் ஏதோ ஒரு பரிசு கொடுக்கிறோம். அந்தப் பரிசு அந்தப் பிள்ளையை ஓர் அடியாவது முன்னே நகர்த்துகிறதா?

ஏறத்தாழ நூறு வருஷங்களுக்கு முன் ஒரு தமிழ்க் குடும்பத்திலும் இந்தப் பிரச்சினை எழுந்தது. அவர்களும் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனவர்கள்தாம். தகப்பனார் சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. லாகூரில் உத்தியோகம் பார்த்தபோது, 1910 அக்டோபரில், மகன் சந்திரசேகர் அங்கே பிறந்தார். பையன் கெட்டிக்காரன். அவனை ஐ.சி.எஸ். ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பது தகப்பனாரின் கனவு. பையனுக்கோ கணிதத்தில் ஆசை. கடைசியில் ஒரு சமரசமாகச் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்தார். கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்து வந்தார். அந்தக் காலத்து ஆனர்ஸ் என்பது இன்டர்மீடியட்டுக்குப் பிறகு மூன்று வருஷம். பெயர் போன கடினமான படிப்பு.

1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி சாமர்பெல்டு சென்னைக்கு வந்திருந்தார். அந்த மாணவர் ஹோட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார். சாமர்பெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த பெருமிதம் அவருக்கு. ‘நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது, எல்லாம் மாறிவிட்டது’ என்ற கருத்தில் பேசிய அந்தப் பெரியவர், இன்னும் அச்சில் வராத தம் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைப் பையன் கையில் கொடுத்து அனுப்பினார். நம் பிள்ளைகளுக்கு இப்படி யாராவது சொன்னால் வீட்டுக்கு வந்து அழுவார்கள், நாமும் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டுவோம். சந்திரசேகர் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சில மாதங்களில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அது 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் பட்டம் பெறாத ஆனர்ஸ் மாணவர்.

அவர் கல்லூரியில் பெற்ற பரிசுகளில் ஒன்று எடிங்டன் என்ற விஞ்ஞானி நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி எழுதிய புத்தகம். 1930-ல் இந்திய அரசின் உபகாரச் சம்பளம் கிடைத்து ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியபோது அந்தப் புத்தகமும் கூடவே போயிற்று. ஆடி மாதக் கடல் எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பயணத்தில், 19 வயதில், அவர் போட்ட கணக்கிலிருந்துதான் பிற்பாடு ‘சந்திரசேகர் எல்லை’ என்று பெயர் பெற்ற முடிவு வந்தது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்கி நிற்க வேண்டுமானால் அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அது மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். 1935-ல் அந்த முடிவை லண்டன் சபையில் எல்லோர் முன்னிலையிலும் ஏளனம் செய்தவர் அதே எடிங்டன் என்பது வேறு கதை. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

நான் இங்கே கவனிக்கச் சொல்வது நோபல் பரிசை அல்ல. கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பரிசு புத்தகமாக இருந்தது, அதை அவர் திறந்து பார்த்தார். அதையே சொல்ல வந்தேன். கேடயத்தைத் திறந்து பார்க்க முடியாது.

உபகாரச் சம்பளம் கிடைக்கும் குடும்பம் அது, நம் கதை வேறு என்று சிலர் சொல்லக்கூடும். சரி, நம் பக்கத்து ஆள் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். நாம் கப்பல் ஏறுகிற அதே சென்னைத் துறைமுகத்தின் அலுவலகத்தில் 1912 மார்ச் மாதம் ஒருவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர், எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கையில் பட்டம் இல்லாதவர். பெயர் ராமானுஜன். அவரைப்பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1913-ல் நடந்ததைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இரண்டு வருஷத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன கண்டுபிடித்தீர் என்று அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. குமாஸ்தா சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு! வீட்டில் அடுப்பு எரியும், பேரேட்டைத் தொட வேண்டியதில்லை, நாள் முழுவதும் கணக்குப் போடலாம். எந்தத் தங்கப் பதக்கமும் இந்த வேலையைச் செய்திருக்காது.

இனி நம் தீவுக்கு வருவோம். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது) ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. வங்கக் கடல் நடுவே படித்த பிள்ளைக்கு இமயமலை அடிவாரத்திலிருந்து பட்டம்! 1985-ல் புதுவைப் பல்கலைக்கழகம் அமைந்த பிறகு அதன் கீழ் வந்தது. இன்று புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையே புரூக்ஷாபாதில் இருக்கிறது. மாயாபந்தரில் 1990-லிருந்து ஒரு கல்லூரி இருக்கிறது. ஆக, பாடம் படிக்க இடம் இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சிக்கு விஷயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் இன்றும் புகையும் எரிமலை நம் பாரன் தீவில் இருக்கிறது. நார்கொண்டம் தீவின் இருவாச்சிப் பறவை உலகில் வேறெங்கும் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று பூமி அசைந்தபோது வடக்கு அந்தமானில் கரை மேலே எழும்பிப் பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. தெற்கே நிலம் தாழ்ந்து சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்து நின்றுவிட்டது. அந்த உப்பு நீரைத் தினம் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நம்முடையவர்கள். எந்த வயல் மீளும், எது மீளாது, செத்த சதுப்புக் காடு எங்கே திரும்ப முளைக்கிறது என்று வருஷா வருஷம் அளந்து எழுத அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

ஆனால் இதுவரை நடந்திருப்பது என்ன? தீவுகளின் உழவாரன் குருவிகளையும் நிக்கோபார் மேட்டுக்கோழியையும் ஆராய்ந்து பெயர் பெற்ற ரவி சங்கரன் கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி நிலையத்திலிருந்து வந்தவர். 2009-ல் காலமாகிவிட்ட அவர் நம் நன்றிக்கு உரியவர்தான். லிட்டில் அந்தமான் கரையில் முட்டையிடும் ஏழுவரி ஆமைகளின் முதுகில் கருவி பொருத்தி, அவை ஒரு பக்கம் ஆஸ்திரேலியக் கடல் வரையும் மறுபக்கம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரை வரையும் போவதைக் கண்டு சொன்ன ஆராய்ச்சி, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தாரின் முயற்சி. வந்தவர்கள் நல்ல வேலை செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டிங்கி ஓட்டவும், சாமான் தூக்கவும், காட்டில் வழி காட்டவும் தீவு ஆட்கள் கூடப் போனார்கள். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரும் பெயர்களில் தீவுப் பிள்ளைகளின் பெயர் அபூர்வம். இது பெருமைப் பிரச்சினை மட்டுமல்ல. கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகத் திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டதிலிருந்து டில்லியில் விவாதம் நடக்கிறது. ஆமை எத்தனை, காடு எவ்வளவு என்ற கணக்கு அங்கே பேசப்படுகிறது. இங்கேயே வாழப் போகிறவர்கள் அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டாமா?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி பட்டப்படிப்பை நான்கு வருஷமாகத் தொடரலாம். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் நான்காம் வருஷத்தில் ஓர் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்து ‘ஆனர்ஸ் – ஆராய்ச்சியுடன்’ என்ற பட்டம் பெறலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ., எம்.எஸ்ஸி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. வழிகாட்டத் தகுதியுள்ள ஆசிரியர்களும் ஆய்வுக்கூட வசதியும் இருக்கும் துறையில்தான் இது நடக்கும். ஆகவே காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்புங்கள் என்று நிர்வாகத்திடம் விடாமல் கேட்க வேண்டியது நம் கடமை.

இருந்தாலும் இந்தத் திட்டம் தடுக்கி விழப் போகும் இடம் கல்லூரியில் இல்லை, நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. மூன்று வருஷத்தோடு பட்டம் கிடைக்கும்போது நான்காவது வருஷம் எதற்கு என்று தகப்பனார் கேட்பார். பெண் பிள்ளையாக இருந்தால் ஊரிலிருந்து வரன் கடிதம் வந்திருக்கும். தினக்கூலிக்காரர் வீட்டில் ஒரு வருஷம் என்பது பன்னிரண்டு மாத வாடகை, பன்னிரண்டு மாத ரேஷன், தம்பியின் பள்ளிக்கூடச் செலவு. ‘பணத்தைப் பார்க்காதீர்கள், அறிவைப் பாருங்கள்’ என்று அவருக்கு உபதேசம் செய்வது சுலபம். செய்பவர் மாதச் சம்பளக்காரராக இருந்தால் இன்னும் சுலபம். அவருக்கு உபதேசத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 1913-ல் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்குச் செய்ததை யாராவது அவர் பிள்ளைக்குச் செய்ய வேண்டும்.

நிர்வாகம் ஆராய்ச்சி வருஷத்துக்கென்று உதவித்தொகை ஏற்படுத்தினால் உத்தமம். அதற்கு மனு கொடுப்போம். அது வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் சங்கங்கள் பொங்கல் விழாவில் இருபது, முப்பது பிள்ளைகளுக்குக் குத்துவிளக்கும் எவர்சில்வர் பாத்திரமும் கேடயமும் வழங்குகின்றன. இந்த வருஷம் கைதட்டலையும் சான்றிதழையும் எல்லோருக்கும் வைத்துக்கொண்டு, பணத்தை ஒன்றாகச் சேர்த்து, நான்காம் வருஷம் ஆராய்ச்சியில் சேரும் ஒரே ஒரு பிள்ளைக்கு மாதத் தொகையாகக் கொடுத்துப் பார்க்கலாம். போதாவிட்டால் மாதம் நூறு ரூபாய் தரக்கூடிய சம்பளக்காரர்கள் ஐம்பது பேர் நம்மில் கிடைக்க மாட்டார்களா? சாதி, ஊர், சிபாரிசு பார்க்காமல் மதிப்பெண்ணையும் ஆய்வுத் தலைப்பையும் மட்டும் பார்த்து, கல்லூரி ஆசிரியர்கள் இருவரைக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பிள்ளை சங்கக் கூட்டத்தில் எழுந்து, என்ன அளந்தேன், என்ன தெரிந்தது என்று நம் எல்லோருக்கும் புரியும் தமிழில் பத்து நிமிஷம் பேச வேண்டும். பணம் தீர்ந்த பிறகு கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.