தெரிந்தேதான் கலந்தார்கள்

பெட்ரோலில் காரீயம் கலந்த காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "பாவம், அப்போது யாருக்கும் தெரியாது, விஞ்ஞானம் வளர்ந்த பிறகுதானே தீங்கு புரிந்தது" என்று யாராவது சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். இது பொய். குற்றவாளிகளைத் தப்பவிடும் பொய்.

காரீயம் நஞ்சு என்பது ரோமானியர் காலத்துச் செய்தி. காரீயக் குழாயைவிட மண்குழாயில் வரும் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். காரீயத்தோடு வேலை செய்கிறவர்களின் வெளிறிய மேனியையே அதற்குச் சாட்சியாக்கினார். 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளைக் காரீயத்தைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில்தான், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைப் பெட்ரோலில் சேர்த்தால் இன்ஜினின் நாக்கிங், அதாவது தட்டொலி, நிற்கிறது என்று கண்டார். எத்தனாலும் அந்த வேலையைச் செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் யார் வேண்டுமானாலும் காய்ச்சி எடுக்கும் எத்தனாலுக்கு உரிமை கொண்டாட முடியாதே! புதிய சரக்குக்கு 'எத்தில்' என்று பெயரிட்டார்கள். காரீயத்தைக் குறிக்கும் லெட் என்ற சொல்லைப் பெயரில் வரவிடவில்லை.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, வலிப்பு கண்டு, ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பைத்தியக்கார வாயுக் கட்டடம் என்று தொழிலாளர்களே முன்பே பெயர் வைத்திருந்தார்கள். அந்த மாதமே மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன் அந்தத் திரவத்தில் கைகழுவி, ஆவியை முகர்ந்து, ஆபத்தில்லை என்று காட்டினார். முந்தின ஆண்டுதான் அவரே காரீய நஞ்சேறி, விடுப்பெடுத்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார். இதையா அறியாமை என்பது?

"ஆலையில் பெரிய அளவு கொல்லும் என்பது தெரிந்திருக்கலாம், தெருப் புகையின் சிறிய அளவு கெடுக்கும் என்பது பிறகுதானே தெரிந்தது" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1925-இல் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டிலேயே ஆலிஸ் ஹாமில்டன், யாண்டெல் ஹெண்டர்சன் போன்ற உடல்நல அறிஞர்கள் தெருவுக்கும் ஆபத்து என்று எச்சரித்தார்கள். ஆய்வு தொடர வேண்டும் என்று அரசுக் குழு பரிந்துரைத்தது. அந்த ஆய்வு பெரும்பாலும் யார் கைக்குப் போயிற்று? எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் ராபர்ட் கீஹோவின் கைக்கு. காரீயம் மனித உடம்பில் இயல்பாகவே இருப்பது, ஓர் அளவு வரை தீங்கில்லை என்று அவர் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார். விற்கிறவனின் பணத்தில் தேடினால் தீங்கு எப்படிக் கிடைக்கும்? 1965-இல் கிளேர் பாட்டர்சன் என்ற புவிவேதியியலாளர், நாம் இயல்பு என்று நினைப்பது பெரும்பாலும் மாசு என்று எழுதியபோதுதான் அந்தக் கோட்டை ஆடியது. 1979-இல் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் காரீயத்தை அளந்து, நோயென்று சொல்ல எதுவும் தென்படாத பிள்ளைகளிடமும் அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். பற்களும் பிள்ளைகளும் 1925-லும் இருந்தார்கள். தேட ஆள் இல்லை.

காரீயத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், துருப்பிடிக்காது, எக்ஸ்ரேயைத் தடுக்கும். வண்டி பேட்டரியும் காரீயத்தால்தான் ஓடுகிறது. பயன் இருந்ததால் வேறு வழி இல்லாமல் போயிற்று என்பதைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

அறியாமைதான் காரணம் என்றால், அறிந்ததும் நின்றிருக்க வேண்டும். சாலை வண்டிகளுக்கான பெட்ரோலில் அமெரிக்கா முழுத்தடை போட்டது 1996-இல். இந்தியா 2000-இல். கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்தான் நிறுத்தியது. பெட்ரோல் நின்றாலும் காரீயம் நிற்கவில்லை. செனகலின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோயில், பழைய பேட்டரி மண்ணைச் சலித்துக் காரீயம் எடுத்த இடத்தில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் செத்தார்கள். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் அஞ்சத்தக்க அளவு காரீயம் இருக்கிறது என்று யுனிசெப் 2020-இல் அறிவித்தது; அதில் இந்தியக் குழந்தைகளே மிக அதிகம்.

பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்று இந்தியாவில் 2001-லேயே விதி வந்துவிட்டது. இருந்தும் குடியிருப்புகளுக்கு நடுவே பேட்டரியைப் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, காரீயம் உருக்குகிறார்கள். அந்த உலைகளை மூடட்டும். சுற்றியுள்ள பிள்ளைகளின் ரத்தத்தை அரசுச் செலவில் சோதிக்கட்டும். தெரியவில்லை என்ற பதிலை இனி எந்த அதிகாரியிடமிருந்தும் ஏற்கக் கூடாது.