மைகோ என்றால் 'அந்த மாதிரி' இல்லை, சாமி!

கெய்ஷா, மைகோ என்று பேச்செடுத்தாலே போதும், நம்ம ஆட்களுக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு வந்துவிடுகிறது. "ஜப்பான் விலைமாதர் தானே?" என்று கேள்வி வேறு. இல்லை ஐயா, இல்லை! சந்தேகம் இருந்தால் அந்தச் சொல்லையே பிரித்துப் பாருங்கள்.

'மை' என்றால் நடனம். 'கோ' என்றால் பிள்ளை. ஆக மைகோ என்பவள் ஆடும் பிள்ளை. 'கெய்ஷா' என்பதில் 'கெய்' கலை, 'ஷா' ஆள். கலைஞர், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் முதன்முதலில் கெய்ஷா என்று அழைக்கப்பட்டவர்கள் ஆண்கள் என்பது கூடுதல் தகவல்!

கியோத்தோவில் கெய்ஷாவுக்கு கெய்கோ என்று பெயர். கெய்கோ ஆவதற்காக நடனம், ஷாமிசென், தேநீர்ச் சடங்கு என்று சில வருடங்கள் படிக்கும் மாணவிதான் மைகோ. பயிற்சி முடிந்தால் அவளுடைய சிவப்புக் கழுத்துப்பட்டி வெள்ளையாகிவிடும். இதே மாணவிக்கு தோக்கியோவில் 'ஹாங்யோகு' என்று பெயர். அதாவது 'பாதி இரத்தினம்'. காரணம் கவித்துவமானது இல்லை. கட்டணம் பாதி, அதனால்தான்!

தொடக்கமும் அப்படி ஒன்றும் மர்மமானது இல்லை. கியோத்தோவின் யாசகா கோயிலுக்கு வந்த பக்தர்களுக்குத் தேநீர் கொடுத்த பெண்கள், பிறகு ஆடவும் பாடவும் ஆரம்பித்தார்கள். அந்தத் தேநீர்க் கடைகளைச் சுற்றி வளர்ந்ததுதான் கியோன்.

"மைகோ என்று எழுதும்போது 'கோ'வுக்குப் போடும் எழுத்து, விலைமாதைக் குறிக்கும் 'ஷோகி'யிலும் வருகிறதே?" என்று விவரமானவர்கள் மடக்குவார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆடிப் பாடி மகிழ்விக்கும் பெண் என்பதும் அந்த எழுத்தின் பொருள்தான். அதனால்தான் கலையை வைத்துப் பிழைப்பவளை 'கெய்கி' என்றும், மற்றவளை 'ஷோகி' என்றும் பிரித்துச் சொன்னார்கள். 1872 விடுதலை ஆணையிலேயே இரண்டும் தனித்தனிப் பெயர்கள்.

அப்புறம் எப்படி இந்தக் குழப்பம்? 1945க்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், தங்களிடம் வந்த பாலியல் தொழிலாளிகளை எல்லாம் 'கெய்ஷா கேர்ள்' என்றார்கள். 1997இல் ஆர்தர் கோல்டன் நாவல் எழுதினார். அதற்காகத் தன் அனுபவங்களைச் சொன்ன மினேகோ இவாசாகியே, தன் உலகத்தைத் திரித்துவிட்டார் என்று 2001இல் வழக்குப் போட்டார். 2003இல் சமரசமானது. 2005இல் படமும் வந்தது. வழக்கு யாருக்கும் நினைவில்லை, படம்தான் நினைவிருக்கிறது.

அதற்காக அங்கே எல்லாமே புனிதம் என்று கொடி பிடிக்கவில்லை. அந்த 1872 ஆணை கெய்கியையும் சேர்த்துத்தான் விடுவித்தது. அவர்களும் முன்பணக் கடனில் கட்டுண்டவர்கள்தான். இன்றும் பதினைந்து வயதில், நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு மைகோ வாழ்க்கை ஆரம்பிக்கிறது. ஜப்பானில் 20 வயதுக்கு முன் மது அருந்துவது சட்டவிரோதம். ஆனால் 16 வயதிலேயே தன்னைக் குடிக்க வைத்தார்கள் என்று முன்னாள் மைகோ ஒருவர் 2022இல் வெளிப்படையாக எழுதினார். உடனே "பாரம்பரியத்தை அவமதிக்காதே" என்றும் சிலர் கிளம்பினார்கள்.

இரண்டு கட்சிக்கும் ஒரே பதில்தான். சிரிக்கிறவர்களே, அவள் ஆடக் கற்றுக்கொள்ளும் மாணவி. பாரம்பரியம் பேசுகிறவர்களே, அவளைப் பிள்ளை என்று சொல்வது உங்கள் பாரம்பரியச் சொல்லேதான். பெயரில் மட்டும் பிள்ளை என்றால் போதுமா? பிள்ளையாக நடத்த வேண்டாமா?