பந்து செய்த பாவம் என்ன?

தோழா!

தோலால் தைத்த உருண்டை. உள்ளே வெறும் காற்று. அதுதான் இரு நாடுகளைப் போர்க்களத்துக்கு இழுத்துச் சென்றதாம்! மத்திய அமெரிக்காவில், 1969-ஆம் ஆண்டு எல் சால்வடாரும் ஹோண்டுராசும் மோதிய போருக்கு உலகம் சூட்டிய பெயர் 'கால்பந்துப் போர்'. பெயரிட்டோர் கெட்டிக்காரர்கள்! பந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், பண்ணையாரைக் கேள்வி கேட்க எவர் வருவார்?

நடந்ததைக் கேள். 1970 உலகக் கோப்பையில் இடம்பெற இரு நாட்டு அணிகளும் களம் கண்டன. ஜூன் 8-இல் தெகுசிகல்பா நகரில் ஹோண்டுராஸ் 1–0 என வென்றது. ஜூன் 15-இல் சான் சால்வடார் நகரில் எல் சால்வடார் 3–0 எனத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு ஊரிலும், வந்த அணி தங்கிய விடுதியைச் சூழ்ந்து விடிய விடியக் கூச்சல். விருந்தினர் கண்ணயரக் கூடாதாம்! ஜூன் 27-இல் மெக்சிகோ நகரில், கூடுதல் நேரத்தில், 3–2 என எல் சால்வடார் வாகை சூடியது. ஜூலை 14-இல் அதன் படை எல்லையைத் தாண்டியது. ஏறத்தாழ 100 மணி நேரப் போர். மாண்டவர் ஆயிரக்கணக்கில், அவர்களுள் பெரும்பாலோர் துப்பாக்கி ஏந்தாத சிற்றூர் மக்கள்.

கடைசி ஆட்டத்துக்கும் முதல் குண்டுக்கும் இடையே 17 நாள். பகைக்கோ வயது பல ஆண்டு!

எல் சால்வடாரின் பரப்பு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர். ஹோண்டுராஸ் அதைப்போல் ஐந்து மடங்கு. சிறிய நாட்டின் செழுமண் காப்பித் தோட்டச் சீமான்களின் பிடியில். 'பதினான்கு குடும்பங்கள்' என்றே நாடு அவர்களைச் சொல்லும். மண்ணற்ற உழவன் என்ன செய்வான்? மூட்டை கட்டினான், எல்லை கடந்தான், காடு திருத்திக் கழனியாக்கினான். அவ்வாறு ஹோண்டுராசில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3,00,000 பேர்.

அங்கும் நிலமற்றோர் குரல் எழுப்பினர். 1962-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. நல்லதுதானே என்பாய். பொறு, தோழா! அந்தச் சட்டத்தின் கூர்முனை அமெரிக்க வாழைத் தோட்டக் கம்பெனியின் பெரும் பண்ணையை நாடவில்லை. உள்ளூர்ச் சீமானின் வேலியையும் பெரிதும் தீண்டவில்லை. குடியேறிய ஏழையின் குடிசைமீதே பாய்ந்தது! 1969-இல் அவர்கள் கூட்டங்கூட்டமாக விரட்டப்பட்டனர். இரு நாட்டிலும் ஆட்சிப் பீடத்தில் படைத்தலைவர்கள். நிலம் கேட்டவன் கையில் கொடியைக் கொடுத்தனர். கஞ்சி கேட்டவன் வாயில் கோஷத்தைத் திணித்தனர்.

நாட்டு அணியின் வெற்றியில் மகிழ்வது குற்றமா? அன்று! தன் மண்ணின் பிள்ளை பந்தோடு பாய்கையில் நெஞ்சு விம்மாதவன் யார்? ஆட்டத்தின் பகைக்கு ஆயுள் 90 நிமிடம். அதை அரங்குக்கு வெளியே தூக்கிச் செல்பவன் எவன், எதை மறைக்கத் தூக்கிச் செல்கிறான் என்பதே கேள்வி.

பலன் என்ன? எல் சால்வடார் 1970 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடியது, மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. விரட்டப்பட்டுத் திரும்பிய உழவனுக்கோ உழ நிலம் இல்லை. சமாதான உடன்படிக்கை கையெழுத்தாக 1980 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்னொன்றும் கேள். 1981 நவம்பர், அதே தெகுசிகல்பா நகரம். அடுத்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்ட ஹோண்டுராஸ், மெக்சிகோவுடன் மோதியது. மெக்சிகோ வென்றிருந்தால் எல் சால்வடாருக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஹோண்டுராஸ் விட்டுக்கொடுக்கவில்லை, ஆட்டம் 0–0. பழைய பகைவன் ஆடிய ஆட்டத்தால் எல் சால்வடாருக்கு வழி பிறந்தது. 1982-இல் இரு கொடிகளும் ஸ்பெயினில் பறந்தன!

பந்து பிரித்தது என்று பறையறைந்தோர், பந்து வழி திறந்த கதையை ஏன் பாடவில்லை?

ஆட்டத்தைப் பார், தோழா; ஆரவாரம் செய். அந்த ஆரவாரத்தின் நடுவே எவன் வேலி நகர்கிறது என்பதையும் பார்!