மண்ணுக்கும் ஒரு நோய் வரலாறு உண்டு

மருத்துவரை நாடி வரும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது நோயின் வரலாறு. எப்போது தொடங்கியது, முன்பு என்ன மருந்து உட்கொண்டார், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் உண்டா என்றெல்லாம் வினவுகிறோம். அவர் குடியிருக்கும் மண் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று பெரும்பாலும் வினவுவதில்லை. சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே என்பது எங்கள் கருத்து.

காரீயத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி பேட்டரிகளில் உள்ள இவ்வுலோகம் ஒரு காலத்தில் பெட்ரோலிலும் சேர்க்கப்பட்டது. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்குக் காரீயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000-இல் நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. புகை நின்றதே தவிர, அதற்கு முன் சாலையோரங்களில் படிந்த காரீயம் மறைந்துவிடவில்லை. அது மக்குவதில்லை; மழையிலும் எளிதில் கரைந்து போவதில்லை; மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பழைய சுவர்களிலிருந்து உதிரும் வண்ணப்பூச்சும், பேட்டரி உடைக்கும் பட்டறைகளின் கழிவும் அதனோடு சேர்கின்றன. பட்டறை மூடப்பட்டு வீடுகள் எழுந்தபின் அங்கு என்ன இருந்தது என்பதே மறந்துபோகிறது.

தவழும் குழந்தை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. உட்சென்ற காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. வளரும் மூளையே அதனால் பெரிதும் பாதிக்கப்படுகிறது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பில் பல்லாண்டுகள் தங்கும் காரீயம், பெண் கருவுறும்போது மீண்டும் குருதியில் கலந்து கருவையும் அடைகிறது. ஒரு தலைமுறையின் மண் அடுத்த தலைமுறையின் உடலாகிறது.

மருந்து மட்டும் இதற்குப் போதாது என்பதைச் செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் உணர்த்துகிறது. அதன் புறநகரான தியாரோய்-சுர்-மேரில் பல்லாண்டுகளாகப் பேட்டரிக் கழிவு மண்ணில் கொட்டப்பட்டது. காரீயத்துக்கு விலை கிடைத்தபோது மக்கள் அம்மண்ணைத் தோண்டிச் சலித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் அங்கே இறந்தனர். குருதியிலுள்ள காரீயத்தை வெளியேற்ற மருந்துகள் உண்டு. ஆயினும் சிகிச்சை முடிந்த குழந்தையை அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பினால் நஞ்சு மீண்டும் ஏறும். ஆகவே மண்ணைத் தூய்மைப்படுத்துவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இவ்வாறு பேசுவது வீண் அச்சத்தை விளைவிக்கும் என்று சிலர் கருதலாம். தோட்டத்தையும் விளையாட்டையும் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றுவது, உண்ணுமுன் குழந்தையின் கைகளைக் கழுவுவது, தரையை ஈரத்துணியால் துடைப்பது, கீரையையும் கிழங்கையும் நன்கு அலசுவது ஆகியவை பெரிதும் உதவும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். எனவே கேழ்வரகும் கீரையும் பாலும் உணவில் இடம்பெறட்டும்.

ஆனால் பொதுமண்ணின் பொறுப்பைத் தாய்மார்களின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. பழைய தொழிற்சாலை நிலத்திலோ குப்பைமேட்டை ஒட்டியோ அங்கன்வாடி, பள்ளி, பூங்கா அமைக்கும்முன் உள்ளாட்சி அமைப்பு மண்ணைச் சோதித்து, முடிவை அனைவரும் காணுமாறு அறிவிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் சுமக்கும் குறைபாட்டுக்கு ஈடாகாது.

அதுவரை உங்கள் தெருவின் முதியவர்களிடம் கேளுங்கள். அங்கு முன்பு பட்டறை இருந்ததா, குட்டையைத் தூர்த்தார்களா என்பதை அவர்கள் அறிந்திருக்கக்கூடும். குழந்தைக்குக் காரணம் புலப்படாத குருதிச்சோகை, தொடர் வயிற்றுவலி, கற்றலில் பின்னடைவு ஆகியவை காணப்பட்டால், அவர்கள் சொன்னதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.